ஜிம்மில் கிருமி வரும் வழி

கோரிமேட்டில் காவலர் மைதானம் இருக்கிறது. உடல் தகுதித் தேர்வு என்று அறிவிப்பு வந்துவிட்டால், புதுவையின் நாலா பக்கத்து இளைஞர்களும் மாதக்கணக்கில் உடம்பைத் தயார் செய்கிறார்கள். காலையில் ஓட்டம், மாலையில் ஜிம். அதே கோரிமேட்டில்தான் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. காசநோயாளிகள் வந்துபோகும் அரசு மார்பு நோய் மருத்துவமனையும் இருக்கிறது. உடம்பைத் தேற்றுகிற வேலையும் நோயைத் தீர்க்கிற வேலையும் இவ்வளவு அருகருகே நடக்கிற ஊரில், ஜிம்மின் சுத்தத்தைப் பற்றி ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல ஜிம்களில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய ஸ்ப்ரே பாட்டிலும் துடைக்கும் துணியும் நிரந்தரமாக இடம் பிடித்துவிட்டன. பெஞ்சைத் துடைக்கிறோம், டம்பெல்லின் கைப்பிடியைத் துடைக்கிறோம், சுத்தமாகிவிட்டது என்று நம்புகிறோம். ஆனால் ஜிம்மிலிருந்து ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோகும் நோய்களில் பெரும்பகுதி அந்த இரும்பின் வழியாக வருவதில்லை. அவை ஈரத் துணியின் வழியாகவும், அடைத்த அறையின் காற்றின் வழியாகவும், ஒருவர் தோல் இன்னொருவர் தோலில் படுவதன் வழியாகவும் வருகின்றன. நம் கவனம் முழுவதும் இரும்பின் மேல் இருக்கிற வரை இந்த மூன்று வழிகளும் திறந்தே கிடக்கும்.

இரும்பைப் பற்றிய ஆய்வுகள் சொல்வதை முதலில் பார்க்கலாம். அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று உடற்பயிற்சிக் கூடங்களின் கருவிகளிலிருந்து 240 மாதிரிகள் எடுத்துச் சோதித்தார்கள். அவர்கள் தேடியது ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவை. சீழ்க்கட்டிகளுக்கு முக்கியக் காரணம் அதுதான். அதில் மருந்துக்கு அடங்காத வகையும் உண்டு. சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அந்த மாதிரிகளில் ஒன்றில்கூட அது கிடைக்கவில்லை. இது ஆச்சரியமான முடிவு. ஏனென்றால் மனிதர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேர் இந்தப் பாக்டீரியாவை மூக்கிலேயே சுமந்துகொண்டு, எந்த நோயும் இல்லாமல் நடமாடுகிறார்கள். அப்படியானால் அதற்கு வசதியான வீடு மனித உடம்பு. இரும்புக் கம்பி அல்ல. 2006இல் வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் வேறு மாதிரி பேசியது. அமெரிக்க ராணுவத்தினர் பயன்படுத்தும் ஜிம்களில் சோதித்த பரப்புகளில் 63 சதவீதத்தில் சளிக்காய்ச்சல் தரும் ரைனோ வைரஸ் இருந்தது. ஓடும் கருவிகளைவிட எடை தூக்கும் கருவிகளில் அதிகம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: நாளுக்கு இரண்டு முறை கிருமிநாசினி போட்டுத் துடைத்தும் இந்த அளவில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. துடைத்த கையோடு அடுத்தவர் வந்து மூக்கைத் தேய்த்த விரலால் கம்பியைப் பிடித்தால், காலையில் போட்ட மருந்து என்ன செய்யும்? ஆக, கருவியில் கிருமியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாம் துடைக்கிற விதத்தில் சளி வைரஸ் ஒழிவதில்லை என்பதும், பயப்படுகிற அளவுக்குச் சீழ்க்கட்டிப் பாக்டீரியா அங்கே தங்குவதில்லை என்பதும் சேர்ந்தே உண்மை.

காற்றின் கதை இதற்கு நேர் எதிரானது. 2020 பிப்ரவரியில் தென் கொரியாவின் சியோனான் நகரத்தில் ஜும்பா நடன வகுப்புகள் மூலம் கொரோனா பரவியது. 12 உடற்பயிற்சிக் கூடங்களோடு தொடர்புடையவர்களாக 112 பேருக்குத் தொற்று உறுதியானது. நோய் தொற்றிய ஜும்பா பயிற்றுநர்களில் ஒருவர் யோகா, பிலாட்டீஸ் வகுப்புகளும் எடுத்தவர். மூச்சு வாங்காத அந்த வகுப்புகளில் யாருக்கும் தொற்றவில்லை. ஆளும் ஒருவரே, நோயும் ஒன்றே. மாறியது மூச்சின் வேகம். இதற்கான இயற்பியல் விளக்கம் 2022இல் ஜெர்மானிய ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்குச் சில நூறு நுண்துளிகளை வெளிவிடுகிறார் என்றால், முழு பலத்தோடு சைக்கிள் மிதிக்கும்போது அது சராசரியாக 132 மடங்கு உயர்கிறது. இரண்டு காரணங்கள் சேர்ந்து இதைச் செய்கின்றன. நிமிடத்துக்கு உள்ளே போய் வெளியே வரும் காற்றின் அளவு பல மடங்கு கூடுகிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு லிட்டரிலும் நுண்துளிகளின் நெருக்கமும் கூடுகிறது. பக்கத்தில் பயிற்சி செய்பவரும் அதே வேகத்தில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் வெளிவிடுவதும் பெருகுகிறது, உள்ளிழுப்பதும் பெருகுகிறது. இதே கொரோனா வைரஸ் பொருட்களின் பரப்பைத் தொடுவதால் பரவும் வாய்ப்பைக் கணக்கிட்ட அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், 2021 ஏப்ரலில், ஒவ்வொரு தொடுதலுக்கும் அது பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் குறைவு என்று சொன்னது.

கொரோனா போய்விட்டதே, இனி ஏன் இந்தப் பேச்சு என்று கேட்கலாம். கோரிமேட்டில் நின்றுகொண்டு அப்படிக் கேட்க முடியாது. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் பரவுவது தொட்டதாலோ எச்சில் தட்டாலோ அல்ல, காற்றால்தான் என்பதை உலகம் தெரிந்துகொண்டதில் 1950களின் இரண்டு ஆய்வுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் நடந்தது. காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளின் கூண்டுக்கு அனுப்பினார்கள். அவற்றுக்கு நோய் வந்தது. அதே காற்றைப் புறஊதா ஒளியில் காட்டி அனுப்பியபோது வரவில்லை. இரண்டாவது ஆய்வு நம் சென்னையில் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், நோயாளிகளில் பாதிப் பேரை சானடோரியத்தில் சேர்த்தும் மீதிப் பேரை வீட்டிலேயே வைத்தும் சிகிச்சை தந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான சிறு வீடுகளில், குடும்பத்தோடு ஒரே இடத்தில் உண்டு உறங்கிய ஏழைகள். ஆனாலும் அவர்கள் குடும்பத்தாருக்கு நோய் வந்த விகிதம், சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரைவிடக் கூடுதலாக இல்லை. பரவ வேண்டிய அளவு பரவியது, நோய் கண்டுபிடிக்கப்பட்டு மருந்து தொடங்குவதற்கு முன்னால், இருமலின் வழியாக. மருந்து தொடங்கிய பின் ஒரே வீட்டில் புழங்கியதால் கூடுதல் கேடு வரவில்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு வழி திறந்த ஆய்வு இது. மார்பு நோய் மருத்துவமனையில் மருந்து வாங்கிச் செல்லும் நோயாளியைக் கண்டு ஒதுங்குவது அறியாமை. மூன்று வாரமாக இருமிக்கொண்டே டிரெட்மில்லில் ஓடுபவர் இன்னும் சளிப் பரிசோதனைக்குப் போகவில்லை என்பதே கவலைப்பட வேண்டிய விஷயம்.

அடுத்தது தோல். புதுவை போன்ற கடற்கரை ஊரில் ஜிம்மால் வரும் தொல்லைகளில் முதலிடம் இதற்குத்தான் என்பது என் முடிவு. இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசுகிறோம். இடுக்குகளில் வட்ட வட்டமாகச் சிவந்து, ஓரம் தடித்து, இரவில் தூங்க விடாமல் அரிக்கும் படர்தாமரை ஒரு பூஞ்சைத் தொற்று. இந்தப் பூஞ்சைகள் தோல், முடி, நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்பவை. அவற்றுக்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். வியர்வையைக் குற்றவாளியாக்குவது வழக்கம். ஆனால் வியர்வை கிருமியைச் சுமந்து வரும் திரவம் அல்ல. அதில் கிருமியைக் கொல்லும் டெர்ம்சிடின் என்ற புரதமே இருக்கிறது என்று 2001இல் ஜெர்மனியில் கண்டறிந்தார்கள். கேடு தொடங்குவது வியர்வை உலராதபோது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த ஊரில், இறுக்கமான பாலியஸ்டர் உடைக்குள், தொடை இடுக்கிலும் அக்குளிலும் இடுப்புப் பட்டையின் கீழும் தோல் மணிக்கணக்கில் ஊறுகிறது. ஊறிய மேல்தோல் மென்மையாகிறது; பூஞ்சை எளிதாக உள்ளே இறங்குகிறது. பயிற்சி முடித்து அதே உடையோடு வண்டியில் ஏறி, டீக்கடையில் அரை மணி நேரம் நின்று, வீடு போய்ச் சேர்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர், பயிற்சி செய்த நேரத்தைவிட அதிக நேரம் பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறார். நோயாளியின் தோலிலிருந்து உதிரும் செதில்களில் பூஞ்சையின் விதைத்துகள்கள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அவை துண்டிலும் உள்ளாடையிலும் பையின் அடியிலும் தங்குகின்றன. நண்பரின் துண்டை வாங்கி முகம் துடைப்பதும், ஈர பனியனைப் பைக்குள் சுருட்டி வைத்து மறுநாள் எடுத்துப் போடுவதும் டம்பெல்லைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு ஆபத்தானவை என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் படர்தாமரை இப்போது நம் தாத்தா காலத்துப் படர்தாமரை அல்ல. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியாவில் பரவியிருக்கும் வகைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயர். 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். டெர்பினாஃபின் என்ற மருந்துதான் பூஞ்சைக்கு எதிரான முதல் ஆயுதமாக இருந்தது. பூஞ்சை தன் உயிரணுச் சவ்வைக் கட்டுவதற்குத் தேவையான ஒரு நொதியை அது முடக்கும். இந்தப் புதிய இனத்தில் பலவற்றில் அந்த நொதியின் மரபணுவே மாறிவிட்டதால், மருந்து பற்றிக்கொள்ள இடமில்லாமல் போகிறது. 2023இல் நியூயார்க்கில் இருவருக்கு இது கண்டறியப்பட்டது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாட்டுக்கே போகாதவர். அதாவது இது மனிதருக்கு மனிதர் தாவிக்கொண்டே போகிறது. நம் ஊரில் இதற்கு உரம் போட்டது ஒரு பழக்கம். அரித்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ஒரு க்ரீம் கேட்பது. கையில் கிடைப்பது பல நேரம் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த குழாய். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும். அதனால் குணமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் அது அடக்கியது அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பை. எதிர்ப்பவர் இல்லாத இடத்தில் பூஞ்சை அகலமாகப் பரவுகிறது, உருவம் மாறுகிறது, தோல் மெலிந்து வரி வரியாகிறது. க்ரீமை நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வருகிறது. இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. தோல் மருத்துவர் சங்கங்கள் இதற்காகப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வந்தன. ஜிம் நண்பர் சொன்ன க்ரீமை வாங்கித் தடவுவது அந்த உழைப்பை எல்லாம் வீணாக்குகிறது. அது தடவியவருக்கு மட்டும் கேடு அல்ல; மருந்துக்கு அடங்காத பூஞ்சையை அந்த ஜிம்முக்கே வளர்த்துக் கொடுப்பதாகும். ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிற கோரிமேட்டுக்காரர்களுக்காவது க்ரீமை ஊகித்து வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

தோல்வழித் தொற்றில் கருவியின் பங்கு எவ்வளவு, மனிதரின் பங்கு எவ்வளவு என்பதற்கு இரண்டு பழைய சம்பவங்கள் நல்ல சான்று. 1989இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் மல்யுத்தப் பயிற்சி முகாமில் இருந்த 175 பேரில் 60 பேருக்கு ஹெர்ப்பிஸ் கொப்புளங்கள் வந்தன. மல்யுத்தத்தில் தோலோடு தோல் உரசுவதே அதற்கு வழியாக அமைந்தது. 2003இல் செயின்ட் லூயிஸ் நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணியில் ஐந்து வீரர்களுக்கு எட்டு முறை சீழ்க்கட்டி வந்தது. மருந்துக்கு அடங்காத அதே ஸ்டாபிலோகாக்கஸ். எட்டும் தரையில் உராய்ந்து தோல் கிழிந்த இடங்களில் வந்தவை. ஒரே துண்டை மூன்று வீரர்கள் வரை பகிர்ந்துகொண்டது விசாரணையில் தெரியவந்தது. திறந்த காயம், பகிர்ந்த துண்டு, குளிக்காமல் பொதுத் தொட்டியில் இறங்குவது ஆகிய மூன்றும் சேர்ந்ததே அந்தத் தொற்றின் பாதை. இதைக் கோரிமேட்டு ஜிம்முக்குப் பொருத்திப் பார்த்தால், புல்-அப் கம்பியில் உள்ளங்கைத் தோல் உரிந்தவர் அதை மூடிக் கட்டாமல் பயிற்சியைத் தொடர்வதும், சவரம் செய்த உடனே வெறும் தோலோடு பெஞ்சில் படுப்பதும், கம்பியில் கிருமி இருக்கிறதா என்ற கேள்வியைவிடப் பெரிய கேள்விகள். இங்கே ஒரு தடுப்பு மிக மலிவானது. பெஞ்சில் சொந்தத் துண்டை விரித்துப் படுப்பது. அதில் எந்தப் பக்கம் பெஞ்சில் பட்டது, எந்தப் பக்கம் உடம்பில் பட்டது என்று மறக்காமல் இருப்பது. முகம் துடைக்க வேறு துண்டு.

அப்படியானால் துடைப்பதையே விட்டுவிடலாமா? கூடாது. சென்னையின் பழைய பெயரோடு நாம் அறிந்த மெட்ராஸ் ஐ இதற்குப் பதில் சொல்லும். அந்தக் கண்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான அடினோ வைரஸ் பிளாஸ்டிக், உலோகப் பரப்புகளில் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். ஆல்கஹால் சானிடைசருக்கும் எளிதில் மசியாது. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் அது பரவியதை மறந்திருக்க மாட்டோம். இது கையிலிருந்து கண்ணுக்குப் போகும் நோய். ரைனோ வைரஸும் கையிலிருந்து மூக்குக்குப் போகக் கூடியதுதான். எனவே கருவிவழித் தொற்று என்பது பெரும்பாலும் கைவழித் தொற்று. அதை அறுக்கும் இடம் கம்பி அல்ல, கை. பயிற்சியின் நடுவே முகத்தைத் தொடாமல் இருப்பதும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதும், கம்பியைப் பத்து முறை துடைப்பதைவிட உறுதியான காவல். துடைக்கத்தான் வேண்டும் என்றால் முறையாகத் துடைக்க வேண்டும். வியர்வைப் பிசுக்கின் மேல் மருந்தை அடித்து உடனே ஒரு இழுப்பு இழுப்பதால் பயனில்லை. முதலில் பிசுக்கைத் துடைத்துவிட்டு, பிறகு மருந்தைத் தெளித்து, பாட்டிலில் எழுதியிருக்கும் நேரம் வரை பரப்பு ஈரமாக இருக்கும்படி விட வேண்டும். நாள் முழுவதும் ஒரே துணியால் எல்லாப் பெஞ்சையும் துடைத்தால், கிருமி ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இதற்கு மேல், அடுத்தவர் படுக்கும் இடத்தில் நம் வியர்வையை விட்டுச் செல்லக் கூடாது என்பது நோயைப் பற்றிய கணக்கே இல்லாமலும் சரியான நடத்தை.

உடற்பயிற்சி செய்கிறவனுக்கு எதிர்ப்புச் சக்தி அதிகம், இதெல்லாம் நோஞ்சான்களுக்கு என்ற எண்ணமும் ஜிம்களில் உண்டு. அளவான உடற்பயிற்சி உடம்பின் பாதுகாப்புக்கு நல்லது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் செயின்ட் லூயிஸில் கட்டி வந்தவர்கள் தொழில்முறை விளையாட்டு வீரர்கள். சியோனானில் நோயைப் பரப்பியவர்கள் உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள். பைசெப்ஸின் அளவு பூஞ்சைக்குத் தெரியாது.

கடைசியாக ஜிம் நடத்துபவர்கள் சொல்லும் மறுப்பு. இதில் நியாயம் இருப்பதால் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏ.சி. இல்லாவிட்டால் ஆள் வரமாட்டார்கள், ஜன்னலைத் திறந்தால் மின்கட்டணம் கட்ட முடியாது என்கிறார்கள். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றைக் குளிரச் செய்து சுற்றிவிடுகிறது. குளிர்ச்சி வேறு, புதுக்காற்று வேறு. அறையின் காற்று எவ்வளவு பழையது என்பதை ஒரு சிறிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர் சொல்லிவிடும். திறந்த வெளியில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். கூட்டமான மாலை வேளையில் உள்ளே ஆயிரத்தைத் தாண்டினால், அங்கே இருப்பவர்கள் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். எண் ஏறினால் எக்ஸாஸ்ட் மின்விசிறியைப் போட்டு, எதிர்ப்பக்க ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும். நாள் முழுவதும் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டியதில்லை. கூட்டம் மிகுந்த ஒன்றிரண்டு மணி நேரங்களில்தான் ஆபத்து குவிகிறது. காலை ஐந்து மணிக்கும், கடற்காற்று வீசும் மாலையிலும் புதுவையில் ஏ.சி. இல்லாமலே பயிற்சி செய்ய முடிகிற மாதங்கள் உண்டு. கர்லா சுழற்றிய பழைய தேகப்பயிற்சிச் சாலைகள் பல திறந்த கொட்டகைகளாக இருந்தன. காற்றைப் பொறுத்தவரை அவை இன்றைய கண்ணாடி அறைகளைவிட நல்ல நிலையில் இருந்தன என்று தயங்காமல் சொல்லலாம். துணிவழித் தொற்றுக்கு ஜிம்காரர் செய்யக் கூடியது இன்னும் எளிது: பொதுத் துண்டு கொடுப்பதை நிறுத்துவது, உடை மாற்றவும் குளிக்கவும் ஓர் அறை தருவது. வீட்டில் உடையைச் சூடான நீரில் துவைப்பது பூஞ்சையைக் கொல்லும். 60 டிகிரிச் சூடு வேண்டும், குளிர்ந்த நீரும் சோப்பும் மட்டும் போதாது. உட்புறத்தை வெளியே திருப்பி நல்ல வெயிலில் உலர்த்துவதும் உதவும். அந்த வெயிலுக்குப் புதுவையில் பஞ்சமில்லை.

இவ்வளவும் இருந்தாலும், காய்ச்சலோடும் இருமலோடும், இடுக்கில் பரவும் படர்தாமரையோடும் ஒருவர் ஜிம்முக்கு வந்துகொண்டே இருந்தால் பாதிதான் பயன். ஏன் வருகிறார் என்று யோசித்தால், பெரும்பாலும் கட்டிய பணம் வீணாகிறதே என்பதுதான் காரணம். மாதக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும்போது பத்து நாள் படுத்திருப்பது நஷ்டம். காவலர் தேர்வு நெருங்கும் பையனுக்கு அது இன்னும் பெரிய நஷ்டம். நோயோடு வீட்டில் இருக்கும் நாட்களை உறுப்பினர் காலத்தோடு சேர்த்து நீட்டிக் கொடுப்போம், மருத்துவச் சீட்டுக்கூடக் கேட்க மாட்டோம் என்று ஒரு ஜிம் அறிவித்தால், அதனால் அதற்கு ஆகும் செலவு கிருமிநாசினிக்கு ஆகும் செலவைவிட அதிகமாக இருக்காது. சிலர் பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளட்டும். இருமிக்கொண்டே வந்து மாலைக் கூட்டத்தின் நடுவே ஓடும் ஒருவரை வீட்டிலேயே இருக்க வைக்க, எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.